"அடிபட்டால் வருவது, உடம்பும் அதுவே (3)" – விடை என்ன?

கேள்வி:
குறுக்கெழுத்தில் மேலே உள்ள குறிப்பு பிடிபடவில்லை. 'ரணம்' என்றால் மூன்றெழுத்துதான். ஆனால் நெடுக்கே வரும் 'பயணம்' நடுக்கட்டத்தில் 'ய' தருகிறது. சரியான விடை எது? புண், ரணம், வடு, தழும்பு என்று ஒரே மாதிரி வரும் சொற்களைக் குறிப்பில் எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1:
காயம். கா-ய-ம், மூன்று கட்டம். காயத்துக்கு உடல் என்றும் பொருள் உண்டு. காயகல்பம், காயசித்தி இரண்டிலும் இருப்பது அந்தக் காயம்தான். 'அடிபட்டால் வருவது' என்று மட்டும் கொடுத்திருந்தால் ரணம், கீறல், வெட்டு எல்லாமே மூன்றெழுத்து, எல்லாமே பொருந்திவிடும். குறிப்பில் இரண்டு பொருள் இருந்தால், அரிதாக வழங்கும் பொருளிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

பதில் 2:
பிரித்தறிய, எப்படி வந்தது, ஆறிவிட்டதா என்ற இரண்டையும் பாருங்கள். காயம் வெளியிலிருந்து அடி, வெட்டு பட்டு வருவது. புண் (2) தானாகவும் வரும்: வாய்ப்புண், குடற்புண். ரணம் (3) ஆறாமல் எரியும் புண். ஆறிய பிறகு நிற்கும் அடையாளம் வடு (2) அல்லது தழும்பு (4). குறள் 129-இல் தீ சுட்ட புண் ஆறுகிறது, நாவினால் சுட்ட வடு ஆறுவதில்லை. ஆகவே 'ஆறாதது', இரண்டு கட்டம் என்று வந்தால் வடுவை முதலில் பொருத்திப் பாருங்கள். மாம்பிஞ்சுக்கும் வடு என்றே பெயர். புதிர் அமைப்பவர்கள் அதை விடவே மாட்டார்கள். தோல் மட்டும் உரசினால் சிராய்ப்பு (5).

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நானும் ஒரு புதிர் அமைக்கிறேன். காயத்துக்குச் சுற்றிவளைத்த குறிப்பு எழுத வழி உண்டா?

பதில் 3:
உண்டு. "வானத்தின் தலை போனால் அடி (3)". வானம் என்பது ஆகாயம், அதில் முதலெழுத்து போனால் காயம். தலை என்று படித்தவர் 'அடி' என்றதும் காலை நினைப்பார், அங்கேதான் குறிப்பு வேலை செய்கிறது. வெங்காயம், பெருங்காயத்தைத் தொடாதீர்கள். தனிப்பாடல் சிலேடைக் காலத்திலிருந்தே கையாண்டு தேய்ந்த வழி, உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்துகளைக் கலைப்பதும் உதவாது. மூன்றெழுத்தில் எதுவும் ஒளியாது. 'கா' ஒரே எழுத்து, துணைக்காலைத் தனியே பிரித்துக் கலைக்கவும் கூடாது.

கட்டத்தில் கவனிக்க வேண்டியது 'ம்'. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. எனவே காயத்தை மேல் வரிசையில் குறுக்காக வைத்தால் 'ம்'முக்குக் கீழே கறுப்புக் கட்டம் வேண்டும், இல்லையென்றால் நெடுக்குச் சொல்லே கிடைக்காது. நெடுக்குச் சொல்லின் நடுவில் 'ம்' வந்தால் அடுத்த கட்டத்தில் பெரும்பாலும் ப அல்லது ம வரிசை எழுத்துதான் வரும்: தழும்பு, அம்மி. 'கா'வில் நெடுக்குச் சொல் தொடங்கினால் கவலையே இல்லை, சொற்கள் ஏராளம்.