மாடியில இருக்கிற பன்னீர் ரோஜா நிஜமாவே டமாஸ்க் ரோஜாதானா?

மொட்டைமாடி:
எங்க வீட்டு மாடியில ஒரு பன்னீர் ரோஜாச் செடி இருக்கு. வெளிர் ரோஸ் நிறம், இதழ் மெல்லிசு. காலையில பறிச்சா விரலெல்லாம் மணக்கும், மத்தியானத்துக்குள்ள தலையிலேயே உதிர்ந்துடும். குல்கந்து போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள குடும்ப வாட்ஸப் குழுவுல சித்தப்பா ஒரு செய்தி தள்ளிவிட்டார்: அத்தரும் பன்னீரும் வடிக்கிற டமாஸ்க் ரோஜா இதுதானாம், சங்ககாலத்துலேர்ந்து தமிழர் மருந்தாம், பன்னீரைக் கண்ணுல விட்டா கண்ணாடியைக் கழட்டிப் போட்டுடலாமாம். இதுல எவ்வளவு நிஜம்?

சுக்குமிளகு:
கண்ணாடிக் கதையைத் தள்ளுங்க அக்கா. மத்ததை அப்படி ஒதுக்க முடியாது. எங்க தாத்தா நாட்டு மருந்துக்கடை வச்சிருந்தார். ஆவாரம்பூ டப்பாவுக்குப் பக்கத்துலயே ரோஜா மொக்கு டப்பா. சூடு, பித்தம், மலச்சிக்கல்னு யார் வந்தாலும் குல்கந்துதான். பன்னீர்ங்கிற பேரே நம்ம பேர். திருச்செந்தூர்ல விபூதியையே பன்னீர் இலையிலதான் தர்றாங்க. இதைவிட என்ன பழமை வேணும்?

மருந்தாளுநர்:
திருச்செந்தூர் இலைக்கும் ரோஜாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது பன்னீர் மரம். வாசமான வெள்ளைப் பூ பூக்கும் தனி மரம். சங்ககாலம் என்கிறார் சித்தப்பா. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார், ரோஜா அதில் கிடையாது. ரோஜா என்ற சொல்லே போர்த்துக்கீசிய 'ரோசா'வின் வழி வந்ததுதான்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். கடைப் பன்னீர் கிருமிநீக்கம் செய்த கண்மருந்து அல்ல. போன வருடம் கண் எரிகிறதென்று பன்னீரில் பஞ்சை நனைத்து வைத்த ஒரு பெரியவர், சீழ் வடியும் கண்ணோடு என் கடைக்கு வந்து நின்றார். நேராகக் கண் மருத்துவரிடம் அனுப்பினேன். பல சீசாக்களில் தண்ணீரும் செயற்கை வாசனையும்தான் இருக்கும். லேபிளைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சுக்குமிளகு:
மர விஷயத்துல சறுக்கிட்டேன், ஒத்துக்கறேன். அதுக்காக வெளியிலேர்ந்து வந்தது மருந்தாகாதா? மிளகாய்கூடத்தான் கப்பல்ல வந்தது, அதில்லாம ஒரு நாள் குழம்பு வைங்க பாப்போம். குல்கந்து பாரசீகச் சொல்தான். குல்னா பூ, கந்த்னா சர்க்கரை. யுனானி வைத்தியத்துல அது பல நூறு வருஷப் பழக்கம். சென்னை அரும்பாக்கத்துல அரசு யுனானிக் கல்லூரியே நடக்குது. பன்னீர் வடிக்கிறதைக் கண்டுபிடிச்ச இப்னு சீனாவே (980–1037) பெரிய வைத்தியர்.

அத்தர்சீசா:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். இப்னு சீனாவுக்கு முன்னாடியே, 9-ஆம் நூற்றாண்டுல, அரபு அறிஞர் அல் கிந்தி வாசனைப் பொருள் வடிக்கிறதுக்குத் தனி நூலே எழுதிட்டார். டமாஸ்க்ங்கிற பேருக்குக் காரணமா சொல்ற சிரியாவோட டமாஸ்கஸ் நகரக் கதையும் அப்படித்தான். சிலுவைப்போருக்குப் போன ஒரு பிரெஞ்சு வீரர் அங்கேர்ந்து செடியை எடுத்துட்டுப் போனார்னு சொல்வாங்க. ஆனா 2000-ல ஜப்பானிய விஞ்ஞானிகள் மரபணுவைப் பார்த்தாங்க. டமாஸ்க் மூணு வகை ரோஜா கலந்து பிறந்தது, அதுல ஒண்ணு மத்திய ஆசிய மலைச்செடி.

அத்தருக்குப் பேர்போன உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜ் ஊருக்கு நான் போய்ப் பார்த்திருக்கேன். பெரிய செப்புப் பானையில பூவும் தண்ணியும். மூடியைச் சுத்திக் களிமண் பூசி அடைச்சிடுவாங்க. மூங்கில் குழாய் வழியா ஆவி, தண்ணித் தொட்டியில கிடக்கிற இன்னொரு செப்புக்குடத்துக்குப் போகும். அந்தக் குடத்துல முன்னாடியே சந்தன எண்ணெய் இருக்கும், அதுலதான் வாசம் ஏறி அத்தராகுது. மீட்டர் கிடையாது. குடத்தைத் தொட்டுப் பார்த்தே அடுப்பைக் குறைக்கிறார் வடிக்கிற ஆள். ரோஜா எண்ணெய் எடுக்கிற பல்கேரியாக் கணக்குப்படி ஒரு கிலோ எண்ணெய்க்கு 3 டன்னுக்கு மேல பூ வேணும்.

சூடான பன்னீர் மேல மிதந்த எண்ணெயை முதல்ல கவனிச்சது நூர்ஜஹானோட அம்மான்னு ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புல எழுதிவச்சிருக்கார். மாமியாரைப் பாராட்டி எழுதின மருமகன்!

பூக்கட்டு:
எல்லாரும் டமாஸ்கஸ், டெல்லின்னு போயிட்டீங்க. நான் நிலக்கோட்டைப் பக்கம். அக்கா, உங்க செடி வருஷம் முழுக்கப் பூக்குதா?

மொட்டைமாடி:
ஆமா. கவாத்து பண்ணி ஒன்றரை மாசத்துல மறுபடி மொட்டு வந்துடுது.

பூக்கட்டு:
அப்போ அநேகமா எட்வர்ட் ரோஜாதான். இந்தப் பக்கம் அதையும் பன்னீர் ரோஜான்னுதான் கூப்பிடுவோம். எண்ணெய்க்குப் போடற டமாஸ்க்குக்குக் குளிர் வேணும், வருஷத்துல ஒரு பருவம்தான் பூக்கும். எட்வர்ட் வகை இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற ரீயூனியன் தீவுலேர்ந்து வந்தது. அங்க வேலிக்கு நட்ட டமாஸ்க்கும் சீன ரோஜாவும் கலந்து உண்டானது. அதனால உங்க செடி டமாஸ்க்கோட பிள்ளை, வாசம் அந்த வழி.

குல்கந்துக்கு உங்க மாடிப் பூவையே போடுங்க. மார்க்கெட் பூ வேண்டவே வேண்டாம். அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் நாங்க அடிக்கிற மருந்து எனக்குத் தெரியும். மாலைக்கும் சாமிக்கும்தான் அது, வாய்க்கு இல்ல.

மருந்தாளுநர்:
இந்தத் திரியிலேயே உருப்படியான பதில் இதுதான். சுக்குமிளகு, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். குல்கந்தில் இதழுக்குச் சமமாகவோ இரண்டு பங்காகவோ சர்க்கரை. சர்க்கரை நோயாளிக்கு "குளிர்ச்சி" என்று சொல்லிக் கொடுப்பது எந்த வைத்தியம்? பன்னீரில் இருக்கும் பினைல் எத்தில் ஆல்கஹால் என்ற வாசனைப் பொருளுக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் கொஞ்சம் உண்டு. மாதவிடாய் வலிக்கு ரோஜாவைக் கொடுத்து ஈரானில் சோதனைகளும் நடந்திருக்கின்றன. எல்லாம் குறைவான பேரை வைத்துச் செய்தவை. அதை வைத்து மருந்துச்சீட்டு எழுத முடியாது.

சுக்குமிளகு:
சர்க்கரை இருக்கிறவங்களுக்குத் தாத்தாவும் கொடுக்க மாட்டார். முதல்ல "சர்க்கரை இருக்கா?"ன்னு கேட்டுட்டுத்தான் டப்பாவைத் திறப்பார். மத்தவங்களுக்கு ராத்திரி ஒரு ஸ்பூன், கூட வெதுவெதுப்பா பால். காலையில வயிறு கழியுது. இதுக்கு எதுக்கு சார் சோதனை?

மருந்தாளுநர்:
வெறும் வெதுவெதுப்பான பாலுக்கே பலருக்கு வயிறு கழியும். அதனால்தான் சோதனை.

மொட்டைமாடி:
நீங்க சண்டை போடுங்க. நான் இன்னைக்குப் பறிச்சதை எடை பார்த்தேன், 180 கிராம் இதழ். ஈரம் போகத் துணியில பரப்பியிருக்கேன். சீனியா, கற்கண்டா?

சுக்குமிளகு:
பொடிச்ச கற்கண்டு. கண்ணாடி ஜாடியில ஒரு அடுக்கு இதழ், ஒரு அடுக்கு கற்கண்டு. வாயில துணி கட்டி பத்துப் பதினைஞ்சு நாள் வெயில்.

மருந்தாளுநர்:
சீனி போதும். கற்கண்டும் அதே சர்க்கரைதான், காசுதான் அதிகம்.

பூக்கட்டு:
அதெல்லாம் இருக்கட்டும். இதழ் அடியில இருக்கிற வெள்ளை நுனியைக் கிள்ளிட்டீங்களா அக்கா? கிள்ளலேன்னா கசக்கும்.