மேலவீதி குடும்பம்: திருக்கடையூர் ரூம் கணக்கு

செந்தில்: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில்தான் என்று முடிவாகிவிட்டது. ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை, ஆடி மிருகசீரிடம். லாட்ஜ்காரர் இன்றைக்குள் முன்பணம் கேட்கிறார். யார் யார் வருகிறீர்கள், எத்தனை ரூம்?

பாபு: நாங்கள் 4 பேர். ஒரு ரூம் போதும். ஏசி.

கமலா அத்தை: ஆடியில் யாராவது கல்யாணம் வைப்பார்களா

பாபு: அம்மா, அறுபதுக்குப் பிறந்த மாசம், பிறந்த நட்சத்திரம்தான் கணக்கு. மாமா பிறந்ததே ஆடியில்.

கமலா அத்தை: தெரியும். சும்மா கேட்டேன்

அப்பா: எனக்கு இதெல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன்

செந்தில்: அப்பா, நீங்கள் பேசாமல் இருங்கள்.

மாலா அக்கா: செந்தில், எங்களுக்குக் கொஞ்சம் சிக்கல். நவீனுக்கு இங்கே அமெரிக்காவில் ட்ரம் கோரில் இடம் கிடைத்திருக்கிறது. கடைசிப் போட்டிகள் சரியாக அந்த வாரம்தான்.

பாபு: வாழ்த்துகள் நவீன்!!

கமலா அத்தை: என்ன கோர்ஸ்? காலேஜா?

சுந்தரம் பெரியப்பா: கமலா, காலேஜ் இல்லை. பித்தளை வாத்தியமும் முரசும் கொண்ட அணிவகுப்புக் குழு. கிளாரினெட், சாக்ஸபோன் கிடையாது. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் சிப்பாய்கள் சங்கத்தின் கிளைகளில் பியூகிள் என்ற ஊதுகொம்பு ஊதிப் போட்டி வைத்தார்கள். அதிலிருந்து பிள்ளைகளின் குழுக்கள், சர்ச் குழுக்கள் என்று பரவியது. பிறகு டி.சி.ஐ. (டிரம் கோர் இன்டர்நேஷனல்) என்ற அமைப்பு வந்து 1972இல் முதல் சாம்பியன் போட்டியை விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்ற ஊரில் நடத்தியது. அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுக்க நடந்துகொண்டே, ஓடிக்கொண்டே வாசிக்க வேண்டும். நோட்டு பார்க்க முடியாது. எல்லாம் மனப்பாடம்.

பாபு: சரி மாமா

செந்தில்: அப்போ மாலா அக்கா குடும்பம் வரவில்லை என்று போடவா?

மாலா அக்கா: இரு. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சுந்தரம் பெரியப்பா: என் பேரன் நவீன் சேர்ந்திருப்பது சின்னக் குழு. ஓப்பன் கிளாஸ் என்ற பிரிவு. பெரிய குழு இல்லையே என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் முதலில் பார்த்ததே சின்னக் குழுதான்.

பாபு: ஆரம்பித்துவிட்டார்

சுந்தரம் பெரியப்பா: 1987. ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் சீனர். அவர் மகள் மாண்டரின்ஸ் குழுவில் சிஞ்சா தட்டுவாள். கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் குடியேறிய சீனக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1963இல் தொடங்கிய குழு அது. ஒத்திகை பார்க்க வா என்று கூப்பிட்டார். போனேன். பள்ளிக்கூட கார் பார்க்கிங், தார் கொதிக்கிறது, பிள்ளைகள் அதே 8 காலடியைத் திரும்பத் திரும்ப நடக்கிறார்கள். அம்மாக்கள் ஓரமாக சோற்றுப் பாத்திரங்களோடு. ஊருக்குப் புதிதாக வந்தவன் நான். அந்தப் பாத்திரங்களைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கமலா அத்தை: 1987 எந்த மாசம்

சுந்தரம் பெரியப்பா: ஜூலையோ ஆகஸ்டோ. ஏன்?

கமலா அத்தை: ஆவணியில் என் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை என்று தந்தி அடித்தாய்

சுந்தரம் பெரியப்பா: அப்போது வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை கமலா.

கமலா அத்தை: பாண்டு பார்க்க லீவு இருந்ததே

சுந்தரம் பெரியப்பா: அது ஞாயிற்றுக்கிழமை.

பாபு: அம்மா விடு. 

கமலா அத்தை: நான் என்ன சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்கிறான், சரி

அப்பா: கமலா கல்யாணத்தில் ரசம் நன்றாக இருந்தது. அந்தச் சமையல்காரர் மகன் இப்போது கேட்டரிங் செய்கிறானாம்

செந்தில்: அப்பா, நம்பர் இருந்தால் அனுப்புங்கள். சாப்பாடு இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

தீபா: லாட்ஜிலேயே சாப்பாடு சேர்த்துத் தருகிறார்கள். நேற்றே சொன்னேன்.

செந்தில்: அது காலை டிபன் மட்டும்.

தீபா: இல்லை.

சுந்தரம் பெரியப்பா: எங்கே விட்டேன்? அந்தக் காலத்தில் பெரிய குழுவுக்கு 128 பேர் வரை அனுமதி. மாண்டரின்ஸ் ஆடியது ஏ60 பிரிவு. பெயரிலேயே இருக்கிறது, 60 பேருக்கு மேல் கூடாது. மைதானம் என்னவோ எல்லோருக்கும் ஒரே அளவுதான். 128 பேரில் ஒருவன் தப்பாக ஊதினால் யாருக்கும் தெரியாது. 60 பேரில் ஒருவனுக்குக் கால் தவறினால் கடைசிப் படிக்கட்டில் இருப்பவனுக்கும் தெரியும். ஊதுகிறவர்கள் பாதிப் பேர், மற்றவர்கள் முரசு, கொடி. அவ்வளவு பேரை வைத்துக்கொண்டு மைதானத்தை நிரப்பினார்கள். பெரிய குழுக்கள் வாசித்தால் காது அடைக்கும், அது வேறு சந்தோஷம். ஆனால் நான் எழுந்து நின்று கை தட்டியது இவர்களுக்குத்தான்.

சுந்தரம் பெரியப்பா: (குரல் பதிவு, 4:12)

பாபு: யாராவது கேட்டுவிட்டு நாலு வரியில் போடுங்கள்

தீபா: ஜி சுருதி பியூகிள் பற்றி. முன்பு எல்லோரும் அதைத்தான் ஊத வேண்டுமாம், 2000இல் விதி மாறி மற்ற சுருதி வாத்தியங்களும் வந்துவிட்டனவாம். பழைய சத்தத்தில் ஒரு முரட்டுத்தனம் இருந்தது, இப்போது இல்லை என்கிறார். கடைசி ஒரு நிமிடம் வாயாலேயே ஊதிக் காட்டுகிறார்.

அப்பா: அண்ணன் பள்ளிக்கூட என்.சி.சி. பாண்டில் சைடு ட்ரம் அடிப்பார். குடியரசு தினத்தில் குச்சி பறந்து தலைமையாசிரியர் மேல் விழுந்தது

சுந்தரம் பெரியப்பா: மேலே விழவில்லை. பக்கத்தில்.

கமலா அத்தை: மேலேதான். நான் முன் வரிசையில் நின்றேன்

மாலா அக்கா: அப்பா இதைச் சொன்னதே இல்லை!! நவீன் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

பாபு: நவீனுக்கு என்ன சம்பளம் தருவார்கள் அக்கா?

மாலா அக்கா: சம்பளமா? நாம்தான் கட்ட வேண்டும். கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போவார்கள், இரவில் ஏதாவது பள்ளி ஜிம்மில் தரையில் படுக்கை.

கமலா அத்தை: காசு கொடுத்துத் தரையில் படுக்கிறானா

கமலா அத்தை: இங்கே ஏசி ரூம் கேட்கிறான் என் பிள்ளை

பாபு: என்னை ஏன் இழுக்கிறாய்

சுந்தரம் பெரியப்பா: அப்போதெல்லாம் கலிஃபோர்னியாவில் பெரிய குழுக்கள் பிங்கோ என்ற எண் சூதாட்டம் நடத்திப் பணம் சேர்த்தன. சின்னக் குழுவுக்குப் பெற்றோர்தான் எல்லாம். சமைப்பது, தைப்பது, லாரி ஓட்டுவது. பையன் 21 வயது வரைக்கும்தான் ஆட முடியும், அதற்குள் போனால்தான் உண்டு. இதைத்தான் செந்திலிடம் சொல்ல நினைத்தேன். அந்த மாண்டரின்ஸ் எத்தனையோ வருடம் சின்னப் பிரிவில் பட்டம் வாங்கி, பெரிய பிரிவுக்குப் போய், 2018இல் முதல் தடவையாக இறுதிச் சுற்றின் 12 குழுக்களுக்குள் வந்தார்கள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மாலாவைக் கேளுங்கள்.

மாலா அக்கா: உண்மை. எங்களையும் தூங்க விடவில்லை.

செந்தில்: பெரியப்பா, ஒரு சந்தேகம். இப்போது பார்த்தேன். சனிக்கிழமை இறுதிச் சுற்றில் அந்த 12 பெரிய குழுக்கள்தானே? ஓப்பன் கிளாஸ் இறுதி அதற்கு முன்பே, வாரத் தொடக்கத்தில், மேரியன் என்ற ஊரில் என்று போட்டிருக்கிறது.

சுந்தரம் பெரியப்பா: ஆமாம். அப்புறம் வியாழக்கிழமை இண்டியானாபோலிஸில் லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்தில் எல்லாக் குழுக்களும் முதல் சுற்று ஆடும். அதில் இவர்களும் உண்டு.

செந்தில்: அப்போ வியாழனோடு நவீனுக்கு வேலை முடிந்தது?

மாலா அக்கா: வெள்ளிக்கிழமை கிளம்பினாலும் சென்னைக்கு வந்து சேர ஞாயிறு ஆகிவிடும்டா.

கமலா அத்தை: நவீன் அங்கே இருக்கட்டும். மாலா போட்டி பார்க்கட்டும். அண்ணன் வரலாமே. அவனா ஊதுகிறான்

சுந்தரம் பெரியப்பா: கமலா, பேரன் அந்த ஸ்டேடியத்தில் நடப்பதை

சுந்தரம் பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கமலா அத்தை: படித்துவிட்டேன்

சுந்தரம் பெரியப்பா: டிக்கெட் விலை பார்க்கிறேன்.

பாபு: 1987லும் இதையே சொல்லியிருப்பார்

தீபா: பாபு அண்ணா!!

அப்பா: அண்ணன் வந்தால் நான் சம்மதிக்கிறேன். இல்லையென்றால் 70க்குப் பார்த்துக்கொள்வோம். 70க்கும் பீமரத சாந்தி உண்டு

செந்தில்: அப்பா, மண்டபத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது.

செந்தில்: இப்போதைக்கு 7 ரூம் சொல்கிறேன். பெரியப்பாவுக்கு ஒன்று சேர்த்துத்தான். மேளத்துக்குக் கோவிலில் ஆள் இருக்கிறார்கள்.

பாபு: பெரிய மாமாவிடம் சைடு ட்ரம் கொடுத்துவிடலாம். தலைமையாசிரியரைக் கூப்பிட வேண்டாம்.

மாலா அக்கா: (வீடியோ) போன வாரம் நவீன் ஒத்திகை. பாரிடோன் என்ற பித்தளை வாத்தியம் வாசிக்கிறான்.

கமலா அத்தை: எது நம்ம பையன்

மாலா அக்கா: இடது பக்கம் இரண்டாவது வரிசை அத்தை, தொப்பி போட்டிருக்கிறான்.

கமலா அத்தை: எல்லோரும் தொப்பிதான் போட்டிருக்கிறார்கள்

சுந்தரம் பெரியப்பா: 38ஆவது நொடியில் நிறுத்திப் பார். வட்டம் போட்டு அனுப்புகிறேன்.