நிற்கும் வண்டியில் வற்றிப்போகும் பேட்டரி: மூவரின் அனுபவங்கள்

எங்களுடையது கருவிகளை ஏற்றிச் செல்லும் டீசல் வேன். வார நாள்களில் எந்தத் தொந்தரவும் தராத அந்த வண்டி, திங்கட்கிழமை காலையில் மட்டும், அதுவும் எல்லாத் திங்களிலும் அல்ல, சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று ரிலே அடித்துக்கொள்ளுமே தவிர, செல்ஃப் எடுக்காது. அவசரப்பட்டு 70 ஆம்பியர்-மணி கொண்ட புதிய பேட்டரியை வாங்கிப் பொருத்தினேன். மூன்றாவது வாரத்தில் அதுவும் படுத்துவிட்டது. முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 11.8தான் இருந்தது.

பணிமனைக்கு இரண்டு முறை கொண்டுசென்றேன். இரண்டு முறையும் கசிவு, அதாவது வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம், 30 மில்லி ஆம்பியர் மட்டுமே என்று அளந்து காட்டினார்கள். 50க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான வண்டிகளுக்கு அது இயல்பான அளவு என்பதால், அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஏற்றிய சாமான்களை இறக்காமல் நானே அளக்க உட்கார்ந்தேன். பானட்டின் பூட்டையும் கதவின் பூட்டையும் திருப்புளியால் அழுத்தி, எல்லாம் மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்தேன். எடுத்த எடுப்பில் 4 ஆம்பியருக்கு மேல் காட்டியது. இதைக் கண்டு பலர் பதறிவிடுகிறார்கள். வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக உறங்கப் போக அரை மணி நேரமாவது ஆகும். காத்திருந்தேன். எண் இறங்கி 0.92இல் நின்றது, அதன் பிறகு அசையவில்லை.

வார நாள் இரவின் 14 மணி நேரத்தில் ஏறத்தாழ 13 ஆம்பியர்-மணி போகும்; மறுநாள் ஓட்டத்தில், இன்ஜின் சுற்றும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். வெள்ளி மாலை 6 மணி முதல் திங்கள் காலை 8 மணி வரையிலான 62 மணி நேரத்தில் 57 போய்விடும். திங்கட்கிழமைக் கணக்கு அங்கேயே தீர்ந்தது.

ஃபியூஸைப் பிடுங்கினால் உறங்கும் பெட்டிகள் விழித்துக்கொள்ளக்கூடும் என்பதால், ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரு உலோகப் புள்ளிகளுக்கிடையே மில்லி வோல்ட் அளவில் பார்த்தேன். சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. அப்படியானால் மின்சாரம் ஃபியூஸ் பெட்டியைத் தொடாத வழியில்தான் போகிறது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து நாங்களே பின்னால் இழுத்திருந்த தடித்த சிவப்பு வயர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கருவிப் பெட்டியை ஒரு விரற்கடை நகர்த்திப் பார்த்தால், இருட்டில் சிறு பச்சை விளக்கு! அந்த வயர் போய்ச் சேரும் இன்வெர்ட்டரின் சுவிட்சைப் பெட்டியின் மூலை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் பெட்டியின் வண்ணம்கூடத் தேய்ந்திருந்தது. பணிமனைக்கு அனுப்பும்போதெல்லாம் சாமான்களை நாங்கள் இறக்கிவிட்டே அனுப்பினோம் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இன்வெர்ட்டரை மேலே மாட்டி, சாவி திரும்பினால் மட்டுமே இணைப்புத் தரும் ரிலே ஒன்றையும் சேர்த்துவிட்டேன்.

*

எனக்கு நேர்ந்ததிலும் ஃபியூஸ் பெட்டி பயன்படவில்லை, ஆனால் காரணம் வேறு. அத்தனை ஃபியூஸையும் கழற்றிய பிறகும் மீட்டர் அரை ஆம்பியரைக் காட்டிக்கொண்டே இருந்தது. இரவு முழுவதும் நின்ற வண்டியில், இன்ஜின் சில்லென்று இருந்த விடியற்காலையில், ஆல்டர்னேட்டர் மேல் கை வைத்தால் இளஞ்சூடு தெரிந்தது. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை அவிழ்த்து டேப் சுற்றி ஒதுக்கி, மீண்டும் அளந்தேன், கசிவு நின்றிருந்தது. மின்சாரத்தை ஒரே திசையில் விட வேண்டிய டையோடு ஒன்று உள்ளே பழுதாகி, மின்சாரத்தைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

*

மேலே சொன்னபடி அளக்கப் போகிறவர்களுக்கு என் தரப்பிலிருந்து ஒன்று: மீட்டர் நடுவில் இருப்பதை மறந்து செல்ஃப் அடித்துவிட்டேன். நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் மோட்டாருக்கு முன் மீட்டரின் 10 ஆம்பியர் ஃபியூஸ் கணமும் தாங்கவில்லை. அதன் பின் மீட்டர் பூஜ்யம் காட்டியதை, கசிவே இல்லை என்று அரை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.