கார் கடனை இடையில் முடித்து வண்டி மாற்ற வேண்டும்: பாக்கி 66, ஆனால் 69 கேட்கிறார்கள்

இரட்டையர் அப்பா:
வணக்கம். ஐந்து வருடத் தவணையில் சின்ன கார் ஒன்று வாங்கினேன். 60 தவணையில் 24 கட்டியாயிற்று, ஒன்றுகூடத் தவறவில்லை. இப்போது வீட்டில் இரட்டைக் குழந்தைகள். குழந்தை இருக்கை இரண்டையும் பின்னால் மாட்டினால் வேறு யாரும் உட்கார முடியாது. மனைவி ஓட்ட, அம்மா முன்னால் உட்கார, நான் பேருந்தில் போகிறேன்.

தொகையைச் சொல்லக் கூச்சம், அதனால் வாங்கிய கடனை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 10 சதவீதம். ஆப்பில் பாக்கி அசல் 66 என்று காட்டுகிறது. முழுதாக முடிக்க எவ்வளவு என்று கேட்டால் 69 என்கிறார்கள். ஷோரூமில் பழைய வண்டிக்கு 60 தருவார்களாம். "பழைய கடனை நாங்க பாத்துக்கறோம் சார், தவணை கொஞ்சம்தான் கூடும்" என்கிறார்கள். சரி என்று சொல்லிவிடலாமா?

மழைத்துளி:
முதலில் ஒன்று. இது கடன்தானா, குத்தகையா? கடைசியில் ஒரு பெரிய தவணை இருக்கிறதா? குத்தகை என்றால் வண்டி உங்களுடையதே இல்லை, விற்கவும் முடியாது. கணக்கே வேறு.

இரட்டையர் அப்பா:
சாதாரணக் கடன்தான். எல்லாத் தவணையும் ஒரே அளவு.

கணக்குப்புலி:
அப்படியானால் 66 சரிதான். 40 சதவீதத் தவணை கட்டியும் அசலில் 34தான் குறைந்திருக்கிறதே என்று தோன்றும். ஆரம்பத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம், அதனால்தான். முதல் வருடம் முடிந்தபோது பாக்கி ஏறக்குறைய 84 இருந்திருக்கும், பழைய அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

மிச்சம் 3 எங்கிருந்து வந்தது? முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் பாக்கி அசலில் 4 சதவீதம் என்றால் அதுவே 2.6 ஆகிவிடும். கடைசித் தவணைக்குப் பிறகு ஓடிய நாட்களுக்கு வட்டி உண்டு. 20 நாள் என்றால் 0.36. ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் கட்டணப் பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

இப்போது ஷோரூம்காரர் விஷயம். 69க்கும் 60க்கும் இடையில் 9 குறைகிறது. அவர் அதைத் தன் கையிலிருந்து போடப் போவதில்லை, உங்கள் புதுக் கடனில் ஏற்றுவார். அதே வட்டியில் 60 மாதத்துக்கு அந்த 9 பதினொன்றரை ஆகும். "கொஞ்சம்தான் கூடும்" என்பது உண்மையாக இருக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் காலத்தை நீட்டியிருப்பார். 84 மாதம் என்றால் அதே 9 பன்னிரண்டரை. தவணைத் தொகையைப் பேசாதீர்கள். மொத்தம் எவ்வளவு கட்டுவேன், எத்தனை மாதம் என்று மட்டும் கேளுங்கள். இன்னொன்று, புது வண்டியை அதன் விலையைவிடப் பெரிய கடனோடு தொடங்கினால் அடுத்த முறை மாற்றும்போதும் இதே பள்ளம்தான்.

இரட்டையர் அப்பா:
படித்தேன். 4 சதவீதமேதான். 36 தவணைக்குப் பிறகு 2 சதவீதமாம். ஒரு வருடம் பொறுக்கலாமா?

கணக்குப்புலி:
அப்போது பாக்கி 46க்கு வந்துவிடும், கட்டணம் 1கூட இருக்காது. வண்டியின் விலையும் இறங்கும், ஆனால் கடன் இறங்கும் வேகத்தில் இறங்குமா என்பதுதான் கேள்வி. குழந்தைகளும் வளர்வார்கள். பேருந்தில் போவது நீங்கள், நீங்களே சொல்லுங்கள்.

பழைய தவணைக்காரர்:
தம்பி, நான் போன வருடம் இதைச் செய்தேன். ஷோரூமுக்குக் கொடுக்காமல் நேராக ஒருவருக்கு விற்றேன், நல்ல விலை கிடைத்தது. கடன் இருக்கும் வண்டி என்றால் வாங்குபவர் பயப்படுவார், நியாயம்தான். அதனால் முடிப்புத் தொகையைத் தேதி போட்ட கடிதமாக வாங்குங்கள். எந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்க வேண்டும். வாங்குபவர் அந்தத் தொகையை நேராகக் கடன் நிறுவனத்துக்கே கட்டட்டும், குறைவதை நீங்கள் போடுங்கள். கடன் முடிந்ததற்கான சான்றை வாங்கி, வண்டிப் பதிவிலிருந்து அவர்கள் பெயரை எடுத்த பிறகுதான் வேலை முடிந்தது. சான்று மட்டும் வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம்: 3ஆம் தேதி கடனை முடித்தேன், 5ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து வழக்கமான தவணையும் தானாகப் போய்விட்டது. திரும்ப வாங்குவதற்குள் ஒன்பது தொலைபேசி அழைப்பு. அதற்காக முன்னாலேயே தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்திவிடாதீர்கள், தவணை தவறியதாகப் பதிவாகும். தவணை கழிந்த மறுநாள் முடிப்பதே நல்லது.

மழைத்துளி:
கடனோடு சேர்த்து ஏதாவது காப்பீடு கட்ட வைத்தார்களா என்றும் பாருங்கள். மீதிக் காலத்துக்கான பணம் சிலவற்றில் திரும்பக் கிடைக்கும், கேட்டால்தான்.

இரட்டையர் அப்பா:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். ஒரு வருடம் தாங்காது. பக்கத்துத் தெருக்காரர் 65 சொல்லியிருக்கிறார், மிச்சம் 4ஐச் சேமிப்பிலிருந்து போட்டுவிடுகிறேன். கடிதம் கேட்டு எழுதியாயிற்று.

இதற்குள் ஷோரூம்காரர் மறுபடி அழைத்தார். இப்போது 63 தருகிறாராம்.