யெஸ்டி பைக்குக்கு ஓ-ரிங் செயின் மாட்டினவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம் நண்பர்களே, அப்பாவோட 1984 யெஸ்டி 250, மைசூர்ல செஞ்ச வண்டி, இப்ப நான்தான் ஓட்டுறேன். பழைய செயின் இழுத்துப் போச்சு, 428 சைஸ்தானேன்னு ஓ-ரிங் செயின் வாங்கிட்டேன். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல்சக்கரம்) பல்லுல கச்சிதமா உட்காருது, ஆனா பிளேட்டுக்கு நடுவுல ரப்பர் வளையம் இருக்கறதால பின்னு நீளம், செயினே அகலமாயிடுச்சு, கையால சக்கரத்தைச் சுத்தினா செயினை மூடியிருக்கற தகரக் கவர்ல உரசி சரக் சரக்னு சத்தம், கவர் உள்பக்கம் பளபளன்னு கோடு விழுந்திருக்கு. கவரை மட்டும் கழட்ட மனசு வரல, அதுதான் அந்த வண்டிக்கே அழகு. கவரை லேசா தட்டி விரிக்கலாமா, இல்ல ஸ்ப்ராக்கெட்டுக்கு வாஷர் கொடுத்தா செயின் நேரா ஓடுற லைன் தப்பிடுமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க ப்ளீஸ், முடிஞ்சா போட்டோவும் போடுங்க.