புதுப்பிப்பு: பயிர் வளர்ந்ததும் சிக்னல் விட்டுப்போன ஈரப்பத சென்சார்கள்

விதைத்தபோது ஒழுங்காக இருந்த லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் ரேடியோ முறை) மண் ஈரப்பத சென்சார்கள், மக்காச்சோளம் ஆளுயரம் வந்ததும் ஒவ்வொன்றாக மௌனமாகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை (தகவலை எவ்வளவு மெதுவாக நீட்டி அனுப்புவது என்ற அளவு; ஏற்றினால் பலவீனமான சிக்னலும் பிடிபடும்) 7-இலிருந்து 10-க்கு ஏற்றினேன். சிக்னல் வந்தது. ஆனால் ஒரு படி ஏற்றினாலே அனுப்பும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, பேட்டரி கரைந்தது. சரி என்று பழையபடி இறக்கிவிட்டேன்.

கைகொடுத்தது, "ஆன்டெனாவைப் பயிருக்கு மேலே கொண்டுபோங்கள்" என்ற யோசனைதான். சென்சார் மண்ணிலேயே இருக்க, ரேடியோ பெட்டியை மட்டும் 3 மீட்டர் பிவிசி குழாயின் உச்சியில் கட்டினேன். நீட்டியது சென்சார் வயரைத்தான். ஆன்டெனா கேபிளை நீட்டினால் அதிலேயே சிக்னல் குறையும். 12 சென்சார்களில் 11 அன்றே பேச ஆரம்பித்தன. இலையிலுள்ள தண்ணீர்தான் அலையைத் தின்கிறது; மழை பெய்த காலைகளில் இன்னும் மோசமாக இருந்ததும் அதனால்தான்.

எதிர்பாராதது அந்தப் 12-ஆவது. ஆன்டெனா இணைப்பைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு. தண்ணீர் இறங்கியிருக்கிறது. இணைப்பை மாற்றி, மேலே ரப்பர் டேப் சுற்றியதும் அதுவும் வந்துவிட்டது. இத்தனை நாள் பழி முழுக்கப் பயிர்மேல்!