நேர்ப்பொருளைத் தாண்டித்தான் உருவகம் புரிகிறதா?

வைகைக்கரை:
வடமொழி அலங்கார நூலார் காலங்காலமாகச் சொல்லும் உதாரணம், ‘கங்கையில் இடைச்சேரி’. ஆற்றுக்குள் ஊர் இருக்க முடியாது. நேர்ப்பொருள் முட்டுகிறது, உடனே மனம் ‘கங்கைக் கரையில்’ என்று எடுத்துக்கொள்கிறது. 1970களில் மொழித் தத்துவ அறிஞர்களான கிரைசும் சேர்லும் சொன்னது ஏறத்தாழ இதே வரிசைதான். தொடர்பில்லாத இரண்டு மரபுகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதை லேசில் தள்ள முடியாது.

நிலாமுற்றம்:
அது பொருளை விளக்குகிற வரிசைங்க, தலைக்குள் நடக்கிற வரிசை இல்லை. 1982இல் உளவியலாளர் குளுக்ஸ்பெர்க்கும் சகாக்களும் வெளியிட்ட சோதனையில், வாக்கியம் நேர்ப்பொருளில் மெய்யா பொய்யா என்று மட்டும் சொல்லணும். ‘சில பறவைகள் ஆப்பிள்கள்’ மாதிரியான வெறும் பொய்களுக்குச் சட்டென்று பதில் வந்தது. ‘சில வேலைகள் சிறைகள்’ மாதிரி வந்தபோது தாமதம். இதுவும் நேர்ப்பொருளில் பொய்தானே? யாரும் கேட்காமலே உருவகம் புரிந்து குறுக்கே நின்றிருக்கு. முட்டிய பிறகுதான் உருவகம் என்றால், ‘பொய்’ என்று தெரிந்ததுமே வேலை முடிந்திருக்கணும்.

வைகைக்கரை:
1979இல் உளவியலாளர் சுவின்னி செய்த சோதனையையும் பாருங்கள். பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவி என்று இரு பொருள் உள்ள ஓர் ஆங்கிலச் சொல். பூச்சியைத்தான் குறிக்கிறது என்று கதை தெளிவாகக் காட்டினாலும், சொல் காதில் விழுந்த கணத்தில் திரையில் காட்டிய ‘எறும்பு’, ‘உளவாளி’ என்ற சொற்கள் இரண்டையுமே வேகமாக அடையாளம் கண்டார்கள். சில அசைகள் கழித்துத்தான் பொருந்தாதது அடங்கியது. சூழல் முன்கூட்டியே எதையும் தடுப்பதில்லை.

நிலாமுற்றம்:
ரெண்டும் சேர்ந்தே எழுந்தது என்றுதானே அதுக்கு அர்த்தம்? ‘முதலில் இது, பிறகு அது’ அங்கேயே உடைஞ்சுபோச்சு. தமிழில் இன்னும் தெளிவு. ‘அவரைக் கைகழுவிட்டாங்க’ என்பதில் வினைக்கு முன்பே ‘அவரை’ வந்துடுது. சாப்பிட்டுக் கை கழுவ அந்த ‘ஐ’ வேண்டாம். தண்ணீர் நினைவுக்கு வர இடமே இல்லை.

செங்காந்தள்:
எல்லாத் தொடருக்கும் உருபு கைகொடுக்காது. ‘யாருக்குக் காது குத்துறீங்க?’ என்பதில் இரண்டு பொருளுக்கும் ‘கு’தான். தாய்மாமன் மடியில் குழந்தையும் எதிரே ஆசாரியும் உட்கார்ந்திருந்தால் அது வெறும் விசாரிப்பு. கடையில் விலையைக் கேட்டுவிட்டுச் சொன்னால் சண்டை. இன்னொன்று: புதிய உருவகமும் பழகியதும் ஒரே வழியில் புரிவதில்லை என்று உளவியலாளர்கள் பௌடில், ஜென்ட்னர் 2005இல் காட்டினார்கள். புதியதை ‘போல’ சேர்த்து உவமையாகத் தந்தால் சீக்கிரம் பிடிபடுகிறது. பழகியதற்கு உருவகமே போதும்.

வைகைக்கரை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். தேய்ந்த தொடர்களை வைத்து உருவகத்தை அளக்காதீர்கள். ‘அப்பாவின் மௌனம் பூட்டிய கோயில்’ என்று முதல்முறை படிப்பவர் ஒரு கணம் நிற்பார்.

நிலாமுற்றம்:
நிற்பார். ‘மௌனம் கட்டடம் இல்லையே’ என்று திகைத்தா, உள்ளே என்ன இருக்கும் என்று தேடியா? தேடுவதும் முட்டுவதும் ஒன்றில்லைங்க. ‘நான் ஒண்ணும் கறிவேப்பிலை இல்லை’ என்று மருமகள் சொன்னால், அது நேர்ப்பொருளில் முழு உண்மை. எங்கே முட்டுது?

வைகைக்கரை:
யாரும் சொல்லத் தேவையில்லாத உண்மை. அந்தத் தேவையின்மைதான் கேட்பவரை அடுத்த பொருளுக்குத் தள்ளுகிறது. கிரைசின் கணக்கில் அதுவும் முட்டல்தான்.

நிலாமுற்றம்:
அப்படியென்றால் முட்டுவது சொற்பொருள் இல்லை, பேச்சின் நோக்கம். அவள் ஏன் பேசுகிறாள் என்பது வாயைத் திறக்கும் முன்பே அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.